ஏழு வருடமாகச் சுவரில் அட்டை ஒட்டுகிறேன்

திரைக்கதை எழுத அட்டை பாவிக்கத் தொடங்கி ஏழு வருடமாகிறது. ஒரு காட்சிக்கு ஓர் அட்டை. உள்ளே வருபவருக்கு என்ன வேண்டும், வெளியே போகும்போது எது மாறியிருக்கிறது, இரண்டே வரி. சிட் ஃபீல்டு என்ற அமெரிக்கர் சொல்லிக்கொடுத்த கணக்கில் 3க்கு 5 அங்குல அட்டை மொத்தம் 56: தொடக்கத்துக்கு 14, நடுவுக்கு 28, முடிவுக்கு 14. அந்த அளவில் அட்டை தேடித் திருமலை (திருகோணமலை) கடைகளில் அலைந்து சலித்து, பிரிஸ்டல் போர்ட் என்ற தடித்த மட்டை வாங்கி நானே வெட்டிக்கொண்டேன்.

முதல் வருடம் 56 என்றால் 56தான் என்று நின்றேன். கணக்குச் சரியாக வந்தது, கதை செத்துக் கிடந்தது. எழுத முதலே அட்டையை நிரப்பியதுதான் பிழை என்று பிறகுதான் விளங்கியது. இப்போது கொப்பியில் கண்டபடி ஒரு பிரதி எழுதி முடித்துவிட்டு, அதைப் பிரித்துத்தான் அட்டையில் போடுகிறேன்.

மூதூரிலிருந்து தினமும் படகில் திருமலைச் சந்தைக்கு வரும் ஒரு பெண்ணின் கதை எழுதினேன். அவளுக்கு மஞ்சள் அட்டை, தாய்க்கு இளஞ்சிவப்பு. ஒட்டி முடித்து எட்டி நின்று பார்த்தால் 19ஆவது அட்டைக்குப் பிறகு 44 வரைக்கும் இளஞ்சிவப்பே இல்லை! தாய்தான் கதையின் முதுகெலும்பு என்று எல்லாரிடமும் கதைத்துக்கொண்டு திரிந்தவன் நான். மூன்று பேர் வாசித்தும் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, சுவர் சொன்னது.

குறைகளும் உண்டு. மாரியில் ஜெல் பேனை மை ஊறும், போல்பொயின்ட் பேனைதான் சரி. வைகாசிக்குப் பிறகு கச்சான் வந்தால் (வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை, காற்று) யன்னலைத் திறக்கவே பயம். 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் மடிக்கணினி செத்தாலும் அட்டை வேலை செய்தது, ஆனால் புழுக்கத்துக்கு யன்னலைத் திறந்துதானே ஆகவேண்டும், ஒருநாள் பாதிச் சுவர் நிலத்தில். பொறுக்கி அடுக்கும்போது ஒன்பது அட்டையை எங்கே வைத்தாலும் பொருந்தியது. அந்த ஒன்பதும் முந்தின காட்சியின் விளைவாக நடந்தவை இல்லை, சும்மா அடுத்ததாக நடந்தவை. அன்றிலிருந்து அட்டைக்கு இலக்கம் போடுவதை விட்டுவிட்டேன்.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் படத்தில் ஒரு நிமிடம் என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது. அது கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவுக்கு வைத்த கணக்கு, கூரியரில் தமிழ் எழுத்தே இல்லை. நான் காட்சியைச் சத்தமாக வாசித்து, போனில் நேரம் பிடித்து, அட்டையின் மூலையில் எழுதிவைக்கிறேன். இடைவேளை எங்கே விழுகிறது என்று அதைக் கூட்டித்தான் பார்ப்பது.

தொழிலுக்கு வருவோம். திருமலையில் இருந்துகொண்டு திரைக்கதையை மட்டும் எழுதிச் சீவிக்க ஏலாது. கல்யாண வீடியோ வெட்டுகிறேன், விழிப்புணர்வுக் குறுநாடகம் எழுதுகிறேன். முன்பு கொழும்பில் ஒரு தயாரிப்பாளருக்கு ஓர் அட்வான்ஸுக்கு மூன்று பிரதி எழுதிக் கொடுத்தேன், இரவு ரயிலில் இரண்டு தரம் போயும் வந்தேன். மீதிக் காசு ஷூட்டிங் தொடங்கத்தான் என்றார், ஷூட்டிங் தொடங்கவேயில்லை. இப்போது காட்சி வரிசையை அட்டையாகவே படம் பிடித்து அனுப்பி, அதற்குத் தனிக் காசு, பிரதிக்குத் தனிக் காசு என்று முதலே கதைத்துவிடுகிறேன். "அண்ணை, இது வெறும் மட்டைதானே?" என்று ஒரு தம்பி கேட்டான். அந்த மட்டைக்குப் பின்னால் ரெண்டு மாதம் இருக்கிறது தம்பி, என்றேன். தந்தான், பாதிதான் தந்தான்.

மென்பொருளும் பார்த்தேன். இழுத்துப் போட வசதி, ஆனால் திரைக்குள் ஒரே தரத்தில் பத்துப் பன்னிரண்டு அட்டைதான் தெரிகிறது, எட்டி நிற்க வழியில்லை. வெவ்வேறு இடத்தில் இருந்து நாலு பேர் எழுதும் தொடர் வேலை என்றால் அதையே எடுங்கள்.

இப்போது சுவரில் 41 இருக்கிறது. தாயை 27ஆவது இடத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், இறங்குதுறையில் நிற்கிறா. ஏன் வந்தா என்ற முதல் வரிதான் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.