மேற்கோளுக்குள் மேற்கோள்: எந்த மொழியின் வழி தேவலை?

விண்டோஸ் ஃபைல் பாத் ஒன்றைப் பைத்தானில் சாதாரண ஸ்ட்ரிங்காக (கோடில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் உரை) எழுதிப் பாருங்கள். ஃபோல்டர் பெயர் சின்ன 'என்' எழுத்தில் தொடங்கினால் பாத் நடுவிலேயே இரண்டு வரியாக உடையும். பெரிய 'யு' என்றால் (யூசர்ஸ் ஃபோல்டர் யாரிடம்தான் இல்லை?) பைத்தான் 3 ஓடவே மறுத்துவிடும்.

சி மொழி பரப்பிய பேக்ஸ்லாஷ் எஸ்கேப்பின் வினை இது: முன்னால் \ வந்தால் அடுத்த எழுத்துக்கு வேறு பொருள், \n என்றால் புது வரி. சி-க்கு முந்தைய பி மொழியில் இந்த வேலையைச் செய்தது நட்சத்திரக் குறி! புது வரி, டேப் போன்றவற்றுக்கு பேக்ஸ்லாஷ் வசதிதான். ரெஜெக்ஸ் (உரைக்குள் தேடுவதற்கான வடிவக் குறிப்பு) வந்தால்தான் தலைவலி: ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட \\\\ என்று நான்கு போட வேண்டும். ஒரு சுற்று மொழிக்கு, இன்னொரு சுற்று ரெஜெக்ஸுக்கு.

பாஸ்கலும் டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லும் ஸ்ட்ரிங்குக்குள் வரும் மேற்கோள் குறியை இரட்டித்துவிட்டுப் போய்விடுகின்றன. ஒரே விதி, மறக்காது. ஆனால் படிக்கும்போது கண் தடுமாறும்.

அப்புறம் ரா ஸ்ட்ரிங், அதாவது பேக்ஸ்லாஷை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும் ஸ்ட்ரிங். பைத்தானில் முன்னால் ஓர் 'ஆர்' சேர்த்தால் அந்த நான்கு இரண்டாகும். ஆனால் பெயரில் இருக்கும் அளவுக்கு அது 'ரா' இல்லை. கடைசி எழுத்து ஒற்றை பேக்ஸ்லாஷாக இருந்தால் மூடும் மேற்கோளையும் சேர்த்து விழுங்கிவிடும். \ என்று முடியும் பாத்தை எழுதவே முடியாது. கோ மொழியில் பேக்டிக் (`) குறிக்குள் எழுதும் ஸ்ட்ரிங்கில் இந்தச் சிக்கல் கிடையாது. உள்ளே பேக்டிக்கே வந்தால்தான் ஸ்ட்ரிங்கை வெட்டி ஒட்ட வேண்டும்.

ஜாவா 2018-இல் ரா ஸ்ட்ரிங் திட்டத்தைக் கைவிட்டது. 2020-இல் ஜாவா 15 நிலைப்படுத்திய டெக்ஸ்ட் பிளாக்கில் (மும்மேற்கோளுக்குள் எழுதும் பலவரி ஸ்ட்ரிங்) மேற்கோள் குறிக்கு விடுதலை. பேக்ஸ்லாஷை இன்னமும் இரட்டிக்கத்தான் வேண்டும்.

என் ஓட்டு, ஸ்ட்ரிங்கின் இரு முனைகளிலும் நிற்கும் குறிகளை, அதாவது வேலியை, நம்மிடமே விடும் மொழிகளுக்கு. ரஸ்டில் 'ஆர்' போட்டு #"..."# என்று எழுதலாம், உள்ளே "# வந்தால் இரண்டு பக்கமும் இன்னொரு # சேர்த்தால் போதும். சி++ 2011-லேயே 16 எழுத்து வரை நாமே வேலிக்குப் பெயர் வைக்க விட்டது. சக்தி உண்டு, அழகு இல்லை. ஸ்விஃப்ட் 5 (2019) இன்னும் ஒரு படி மேல்: அதே # வேலிக்குள் \# போட்டால் எஸ்கேப்பும் வேலை செய்யும். இரண்டு உலகமும் ஒரே ஸ்ட்ரிங்கில்.

சரி, இவ்வளவும் நாமே கோடில் எழுதும் ஸ்ட்ரிங்குக்கு மட்டும். பயனர் தட்டும் பெயரை எஸ்கியூஎல்லுக்கு அனுப்பும்போது எந்த எஸ்கேப்பையும் கையால் செய்யாதீர்கள், அந்த இடத்தில் '?' குறி வைத்து, பெயரைத் தனியே பாராமீட்டராக அனுப்புங்கள்.