தண்ணீர் இறங்கும் பேவர் பிளாக்: ஐந்து வருஷம் கழித்து

‘உங்கள் வீட்டில் இருக்கிற, தண்ணீர் இறங்குகிற பேவர் பிளாக்கையே நானும் போட்டுவிடட்டுமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, பழைய ஸ்க்ரூ டிரைவரால் இடுக்கு இடுக்காகச் சுரண்டி முடித்திருந்தேன். முட்டி இன்னும் வலிக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் மழை வந்தால் குடையோடு வெளியே போய் நின்று பார்ப்பேன். கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீர் தரையைத் தொட்டதும் காணாமல் போகும். பிளாக்கில் ஒரு மாயமும் இல்லை, சாதாரண கான்கிரீட்தான். வேலை செய்வது இடுக்கில் இருக்கும் பொடி ஜல்லியும், அடியில் தூசி கலக்காமல் போட்ட பெரிய ஜல்லியும். அந்த ஜல்லிப் படுகையில் ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம். தண்ணீர் அதில் தங்கி, மெல்ல மண்ணுக்குள் போகும்.

அந்த இடுக்குதான் என் உயிரை வாங்குகிறது. முதலில் புல். அடியில் விரிப்பு போட்டிருந்தால் வராது என்றார்கள். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் விரலளவுகூட இல்லை. கறுப்பாக ஒரு மண்ணுருண்டை கூடவே வந்தது. காற்றில் வந்த விதை, இடுக்கில் மக்கிய சருகில் முளைத்திருக்கிறது. கீழே போட்ட விரிப்பு இதற்கு என்ன செய்யும்?

அப்புறம் தேக்கம். பூச்செடிப் பாத்தி தளத்தைவிட நாலு விரல் உயரம். மழைக்கு மழை மண் கரைந்து ஓர இடுக்குகளை அடைத்துவிட்டது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பார்த்தேன். ஜல்லி தெறித்ததுதான் மிச்சம், அழுக்கு இன்னும் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. பழுது பார்க்க வந்தவர் ஜல்லிக்குப் பதில் பொடி மணலைக் கொட்டிப் பெருக்கினார். “இதான் சார் நல்லா இறுகும்.” இறுகியது. அடுத்த மழைக்குத் தண்ணீர் வாசற்படிக்கு வந்தது. நான் சுரண்டி எடுத்தது அந்த மணலைத்தான்.

நியாயமாகப் பார்த்தால் கல் மேல் தப்பில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாக்குவம் போட்டு உறிஞ்சி, குறைந்த ஜல்லியை நிரப்பியிருக்க வேண்டும். செய்யவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. முன்பு அங்கே நல்ல கருங்கல் பலகைகள் கிடந்தன. இடைவெளி விட்டுத் திருப்பிப் பதித்திருந்தாலே போதும். அவற்றை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, புதுக் கான்கிரீட்டை இறக்கினேன். உலகத்தில் மனிதர்கள் வெளியிடுகிற கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. இதைப் பசுமைத் தளம் என்று வேறு பீற்றிக்கொண்டேன்.

அதனால் நண்பரிடம், “போடாதீர்கள். கார்ச் சக்கரம் ஓடுகிற இரண்டு பட்டைக்கு மட்டும் பழைய கல் பதியுங்கள், மீதியை மண்ணாகவே விடுங்கள்” என்றேன்.

“அப்போ உங்களுடையதைப் பெயர்த்துவிடுவீர்களா?” என்றார்.

அதெப்படி முடியும்? இன்று காலை நல்ல மழை. பொடி ஜல்லி நிரப்பிய பிறகு முதல் மழை. குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் போய் நின்றேன்.