சூரியகாந்தி: மோனேவா, வான்கோவா?
சூரியகாந்தி ஓவியம் என்றாலே எல்லோரும் வான்கோவைத்தான் சொல்வார்கள், ஆனால் அவருடைய 1888 ஓவியத்துக்கு 7 ஆண்டுகள் முன்பே கிளோத் மோனே ஒரு ஜாடி நிறைய வரைந்துவிட்டார், அது இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிவப்பு மேசைவிரிப்பு, ஜப்பானிய ஜாடி. இதழெல்லாம் சின்னச் சின்னத் தீற்றல்கள். கிட்டே போனால் வெறும் சாயம், தள்ளி நின்றால் வெயில் பட்ட பூ, இலைகூட அசைகிற மாதிரி இருக்கும்.

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள வான்கோ வேறு ரகம். பூ, ஜாடி, சுவர் எல்லாமே மஞ்சள், சாயமும் தடிப்பு, சில பூக்கள் இதழ் உதிர்ந்து விதையோடு நிற்கின்றன. வான்கோவின் ஓவிய நண்பர் கோகனுக்கு மோனேவுடையதைவிட இதுதான் பிடித்ததாம். வான்கோவே அதை ஏற்காமல் தம்பிக்குக் கடிதம் எழுதினார். இந்த விஷயத்தில் நானும் வான்கோ சொன்னதன் பக்கம்தான், அதாவது மோனேவின் ஓவியத்துக்கே என் ஓட்டு: அந்த வெளிச்சம் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.