"பெனா ப்ரொப்ளெம்" என்றார்கள்: முடி நடவில் நான் இழந்த 1,65,000 ரூபாய்

நேற்று மாலை நான்கு மணிக்கு, வேறோர் ஊரில் இருக்கும் தோல் மருத்துவர் ஒருவர் என் முன்தலையில் சிறிய உருப்பெருக்கியை வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்துக்குள் எத்தனை முடிகள் நிற்கின்றன என்று எண்ணினார். பதினொன்று. நல்ல நடவில் அதே இடத்தில் முப்பது, நாற்பது வேர்க்கொத்துகளாவது இருக்கும் என்றும், ஒவ்வொரு கொத்திலும் ஒன்று முதல் நான்கு முடிகள் வரை வரும் என்றும் அவர் சொன்னார். பிறகு பின்தலையைத் திருப்பிப் பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை. "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். 1,65,000 ரூபாய் என்றேன். அந்தத் தொகையை வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இரவு முழுவதும் தூக்கம் இல்லை. முடி நடவுக்கு எப்படித் திட்டமிடுவது, பிறகு எப்படித் தேறுவது என்று நம் மொரிசியஸ் தமிழர்களுக்காக முறையான வழிகாட்டி ஒன்றை எழுதவே உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறொன்றாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவன். வயது நாற்பத்து மூன்று. முப்பது வயதிலேயே நெற்றி இரு பக்கமும் மேலே ஏறத் தொடங்கிவிட்டது. நிலாவை வரையச் சொன்ன வகுப்பில் ஒரு பையன் நிலாவுக்கு என் கண்ணாடியைப் போட்டு வரைந்தான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு கைப்பேசியில் தேடினேன். ஒருமுறை தேடினால் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து ஃபேஸ்புக்கைத் திறந்தாலே முன்பும் பின்பும் எடுத்த படங்கள்தான். அவற்றில் ஒன்று, நம் மேட்டுநில நகரங்களில் ஒன்றில், வணிக வளாகத்தின் மாடியில் இருக்கும் அழகுச் சிகிச்சை நிலையத்தின் விளம்பரம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்மேல் வழக்குப் போடுவோம் என்று போன வாரமே எச்சரித்திருக்கிறார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு போய் விழவில்லை, படித்துவிட்டுத்தான் போனேன். பின்தலையிலும் காதோரத்திலும் உள்ள முடி, வழுக்கைக்குக் காரணமான ஹார்மோனுக்கு எளிதில் பணியாது. அதை எடுத்து முன்னால் நட்டாலும் தன் பழைய குணத்தோடுதான் வளரும். 1959இல் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் எழுதிக் காட்டிய இந்த உண்மையின்மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. பின்தலையில் எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்காது என்பதையும், அது வாழ்நாள் முழுவதற்குமான ஒரே வைப்புத்தொகை என்பதையும் படித்திருந்தேன். பின்தலைத் தோலைப் பட்டையாக வெட்டி எடுப்பது பழைய முறை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயுள்ள பஞ்ச் கருவியால் வேர்க்கொத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது எஃப்.யூ.இ. முறை. நான் கேட்டது இரண்டாவதை. இவ்வளவும் தெரிந்துதான் ஏமாந்தேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

நம்பிக்கை எந்த நொடியில் பிறந்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட பெண், என் பெயரைப் பார்த்துவிட்டு, கிரியோல் மொழியில் பேசுவதை நிறுத்தி "வணக்கம்" என்றார். தம் பாட்டி தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவர் என்றார். பிறகு எழுந்து வந்து, ஒரு பேனாவால் என் நெற்றியில் ஒரு கோடு வரைந்தார். நேர்கோடு அன்று, நடுவில் சற்று இறங்கி ஓரங்களில் வளைந்த, இயற்கையான கோடு. கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அந்தக் கோட்டுக்கு மேலே இல்லாத முடியை என் கண்கள் தாமாகவே நிரப்பிக்கொண்டன. கண்ணாடியில் என் கல்யாணப் படத்தில் இருப்பவனைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் சம்மதித்துவிட்டவனின் கேள்விகள்தாம்.

மருத்துவரே செய்வாரா என்று கேட்டேன். "பெனா ப்ரொப்ளெம், மிஸ்யே." நவம்பரில் செய்துகொண்டால் ஜனவரியில் பள்ளி திறக்கும்போது காயம் ஆறியிருக்குமா? பெனா ப்ரொப்ளெம். பிப்ரவரியில் காவடி எடுக்கலாமா? பெனா ப்ரொப்ளெம். நம் கிரியோலில் "பெனா" என்றால் "இல்லை" என்று பொருள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் தமிழ்க் காதில் அது எப்போதும் எழுதுகிற பேனாவாகவே விழும். வகுப்பில் இதை வைத்து வேடிக்கை செய்திருக்கிறேன். இந்த முறை பிரச்சினை உண்மையிலேயே பேனாவில்தான் இருந்தது. அவர் கொடுத்த பேனாவால், பிரெஞ்சில் அச்சடித்த நான்கு பக்கத் தாளில், படிக்காமல் கையெழுத்திட்டேன்.

வாயால் அவர் சொன்னது மூவாயிரம் "கிரெஃபோன்", அதாவது மூவாயிரம் வேர்க்கொத்துகள். தாளில் இருந்தது மூவாயிரம் "ஷெவ", அதாவது மூவாயிரம் முடி. ஒரு கொத்தில் சராசரியாக இரண்டு முடி என்று வைத்துக்கொண்டால், நான் விலைபேசியதில் பாதிதான் தாளில் இருந்திருக்கிறது. பிள்ளைகள் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிற வாத்தியார் இதைக் கவனிக்கவில்லை. பணம் 1,65,000 ரூபாய். முன்பணமாக 65,000, மீதி அறுவை நாளன்று காலையில். ஆண்டிறுதி போனஸ் வந்ததும் ஒரு பகுதியை அடைத்துவிடலாம் என்று கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன். இன்னும் தவணை கட்டுகிறேன்.

தேர்தல் முடிந்த அடுத்த சனிக்கிழமை, 2024 நவம்பர் 16, காலை எட்டு மணிக்குப் போனேன். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் வந்து கைகுலுக்கி, மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்; ஏழு நிமிடத்தில் போய்விட்டார். அதன்பின் மாலை ஐந்து மணி வரை கையுறை அணிந்த மூன்று இளைஞர்கள் என் தலையில் வேலை செய்தார்கள். எடுத்த வேர்க்கொத்துகளை உதவியாளர்கள் பிரித்து வைப்பதும் நட்டுக் கொடுப்பதும் நல்ல இடங்களிலும் உண்டு. தோலைத் துளைத்து எடுப்பதும், நடுவதற்கான கீறல்களைப் போடுவதும் அறுவைச் சிகிச்சை. அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். அந்தக் கீறல்களின் கோணம்தான் முடி எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்கிறது. என் முன்நெற்றியில் பிழைத்திருக்கும் முடிகள் துடைப்பக் குச்சிகளைப் போல நேரே வானத்தைப் பார்க்கின்றன. கீறியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நடுவில் அவர்கள் மதிய உணவுக்குப் போனார்கள். எடுத்த வேர்கள் ஒரு தட்டில் விளக்கின்கீழ் கிடந்தன. குளிர்ந்த உப்புநீரில் வைக்க வேண்டியவை அவை. அப்போதே எழுந்து கேட்டிருக்க வேண்டும். பாதித் தலை இரத்தத்தோடு படுத்திருப்பவன் எதைக் கேட்பான்?

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். தலையை உயர்த்தி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே ஒரு வாரம் உறங்கினேன். மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. அது இயல்புதான், தானே வடிந்தது. உப்புநீரைத் தெளித்தேன், சொறியவில்லை, பத்து நாளில் பொருக்குகள் மென்மையான கழுவலில் உதிர்ந்தன. கடலிலும் இறங்கவில்லை. பிள்ளைகள் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் நீந்தும்போது நான் மரநிழலில் அகன்ற தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவையும் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்று பின்னால் அவர்கள் எழுதியதுதான்.

பன்னிரண்டாம் நாள் பின்தலையில் சீழ் கட்டியது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. மறுநாள் அழைத்தேன், மருத்துவர் பக்கத்து ரெயூனியன் தீவுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அதற்கடுத்த நாள், "இயல்புதான் மிஸ்யே, பிரான் பஸியான்ஸ்" என்று ஒரு வரி. பொறுமையாக இரு என்பது பொருள். காய்ச்சல் வந்தபோது என் மனைவி அரசுச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே மருந்தும் கட்டும் இலவசம். 1,65,000 ரூபாய் வாங்கியவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு காசும் வாங்காத செவிலியர் அம்மாதான் என் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவனுக்கு உண்மையே காவல் நிற்கிறது. நட்ட முடி இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், இது உண்மை. வேர் உள்ளே உறங்கி, மூன்று நான்கு மாதங்களில் புதிய முடி எட்டிப் பார்க்கும், ஆறு மாதத்தில் ஓரளவு தெரியும், முழுப் பலனும் தெரிய ஓராண்டு ஆகும், உச்சந்தலை இன்னும் பிந்தும், இதுவும் உண்மை. ஆகவே வேர் பிழைத்தவனும் வேர் செத்தவனும் முதல் சில மாதங்களில் கண்ணாடியில் ஒரே தலையைத்தான் பார்க்கிறார்கள். நான் எப்போது அழைத்தாலும் அவர்கள் இந்த நாட்காட்டியைத்தான் நீட்டினார்கள். கடையில் வாங்கிய மின்விசிறி சுற்றவில்லை என்றால் அன்றே தூக்கிக்கொண்டு போகலாம். இங்கே பொருள் கெட்டிருப்பது தெரிய ஓராண்டு ஆகும், அதற்குள் தாளில் சொன்ன காலவரம்பெல்லாம் முடிந்திருக்கும்.

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். மூன்றாம் மாதம் நிறைவதற்குள் வெயிலில் வெறுந்தலையோடு பல மணி நேரம் நடக்க வேண்டாம் என்று சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வயதிலிருந்து கோர் தெ கார்த் மலையடி முருகனுக்குக் காவடி எடுத்தவன், அந்த ஆண்டு குடையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நடந்தேன். இதற்கு எந்த ரசீதும் கிடையாது.

ஆறாம் மாதம் நேரில் போனேன். வரவேற்பில் புதுப் பெண். பழைய ஆலோசகர் வேலையை விட்டுவிட்டாராம். ஒன்பதாம் மாதம், என் இரத்தத்தில்தான் குறை என்றார்கள். என் இரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிகிச்சை மூன்று முறை வேண்டும், ஒரு முறைக்கு 8,000 ரூபாய், "உங்களுக்காகத் தள்ளுபடி" என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு முறை போட்டுக்கொண்டேன். போன வாரம் என் கோப்பைக் கேட்டேன். எத்தனை கொத்துகள் எடுத்தார்கள், எத்தனை நட்டார்கள், யார் செய்தார்கள் என்ற குறிப்பே இல்லை. ரசீதில் மருத்துவர் பெயரும் இல்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றபோது, கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். அந்த "ஷெவ" என்ற சொல்லை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன்.

நேற்றைய மருத்துவர் சொன்னதில் என்னை அதிகம் உலுக்கியது முன்தலை அன்று, பின்தலை. அகன்ற வாயுள்ள கருவியால் ஒரே இடத்தில் நெருக்கித் தோண்டியதால், பூச்சி அரித்த துணியைப் போல வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன. மீண்டும் செய்வதற்கு எடுக்க வேண்டிய இருப்பையும் சேர்த்து வீணாக்கிவிட்டார்கள். இருக்கும் முடியையாவது காக்க மினாக்ஸிடில் எழுதிக் கொடுத்தார். மூளியாகிப்போன நடவைச் சீர்செய்வது பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றார். முடி அறுவை மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கம் ஒன்று, என்னைப் போல் கெட்டுப்போன தலைகளுக்காகவே ஆண்டுதோறும் நவம்பர் 11ஐச் சீர்செய்யும் நாளாக வைத்திருக்கிறதாம். இப்படிப்பட்டவர்கள் ஒரு நாளை ஒதுக்கும் அளவுக்கு இருக்கிறோம்.

அறிவுரை என்று தொடங்கினேன்; கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீறப்போகிறவர் யார் என்று பெயரைக் கேளுங்கள், அந்தப் பெயர் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், அவரே நாள் முழுவதும் இருப்பார் என்று எழுதி வாங்குங்கள். தாளில் முடி என்று இருக்கிறதா வேர்க்கொத்து என்று இருக்கிறதா என்று பாருங்கள். தாளை வீட்டுக்கு எடுத்துப் போக விடாத இடத்தில் கையெழுத்திடாதீர்கள். செய்த அன்றே எண்ணிக்கைக் குறிப்பை வாங்கிவிடுங்கள். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சீழ் கண்டால் வாட்ஸ்அப்புக்குக் காத்திராமல் மருத்துவரிடம் ஓடுங்கள். இருபது வயதுத் தம்பிகள் அவசரப்படவே வேண்டாம், உங்கள் வழுக்கை எங்கே நிற்கும் என்று இன்னும் தெரியாது.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் மருத்துவக் கவுன்சிலுக்கும் நுகர்வோர் பிரிவுக்கும் புகார் எழுதிக்கொண்டு போகிறேன். 1,65,000 ரூபாயும் அந்த ஊசிக்குக் கொடுத்த 8,000 ரூபாயும் திரும்புமா என்று தெரியாது. மாடியில் இருக்கும் அப்படியோர் இடத்தில் கடந்த ஓராண்டில் நட்டுக்கொண்டவர்கள் இதைப் படித்தால், பெட்டியில் இருக்கும் உங்கள் தாளை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். "ஷெவ" என்று இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரில் உங்கள் தாளின் நகலையும் சேர்த்துவிடலாம்.