அயுத்தயாவா, காஞ்சனபுரியா? பாங்காக்கில் மிஞ்சும் ஒரு நாளுக்கு

பாங்காக்குக்கு நான்கு இரவு டிக்கெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கணக்குப் போடுவார்கள். அரண்மனைக்கு ஒரு நாள், கடைத்தெருவுக்கு ஒரு நாள், பிள்ளைகளுக்காக ஒரு நாள். மிஞ்சுகிற ஒரு நாளில் ஊருக்கு வெளியே ஏதாவது பழைய இடம் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த நாளுக்குப் போட்டி போடுபவை இரண்டு ஊர்கள். வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் அயுத்தயா, மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் காஞ்சனபுரி. லோப்புரியையும் சிலர் சொல்வார்கள். கெமர் பாணிக் கோபுரங்களும் குரங்குகளும் அங்கே பிரபலம். ஆனால் அயுத்தயாவைத் தாண்டித்தான் லோப்புரிக்குப் போக வேண்டும். கையில் ஒரே நாளை வைத்துக்கொண்டு அப்படித் தாண்டிப் போக எனக்கு மனசு வராது.

முதலில் போகிற வழி. இதில் அயுத்தயாவை அடித்துக்கொள்ள முடியாது. ஹுவா லம்போங் ரயில் நிலையத்துக்கு மெட்ரோவிலேயே போய் இறங்கலாம். அங்கிருந்து சாதாரண வண்டியில் மூன்றாம் வகுப்புக்கு 20 பாட் அளவில்தான் கட்டணம். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். ஜன்னல் திறந்திருக்கும், மேலே மின்விசிறி சுற்றும், கூடையில் கோழி வறுவலும் சோறும் விற்றுக்கொண்டு வருவார்கள். ஒரு வண்டியை விட்டாலும் அடுத்தது வரும். இறங்கியதும் எதிரே தெருவைக் கடந்து நடந்தால் ஆறு. சில பாட் கொடுத்துப் படகில் அக்கரை போனால் வாடகை சைக்கிள் கிடைக்கும்.

காஞ்சனபுரிக்கு அப்படி இல்லை. பாங்காக்கிலேயே ஆற்றுக்கு மேற்குக் கரையில், சிரிராஜ் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் தோன்புரி நிலையத்திலிருந்துதான் ரயில். காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் ஒன்று, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஒன்று. நாளுக்கு இரண்டே வண்டி. வெளிநாட்டுக்காரருக்குத் தூரம் எதுவானாலும் 100 பாட். போய்ச் சேர இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், தாமதமும் வழக்கம்தான். திரும்புகிற வண்டி பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னால் காஞ்சனபுரியில் நிற்கும். ஆக, ஊருக்குள் நமக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம். அந்த வண்டியை விட்டால் மினிவேன்தான். இந்த நான்கு மணி நேரத்தை எங்கே செலவழிக்கப்போகிறோம் என்பதில்தான் காஞ்சனபுரிப் பயணம் அமைவதும் கெடுவதும்.

நான் முதல் தடவை அதைக் கெடுத்துக்கொண்டேன். ஓட்டல் வரவேற்பில் ஒரு வேன் பேக்கேஜ் விற்றார்கள். காலையில் மிதக்கும் சந்தை, மதியம் காஞ்சனபுரியின் குவே ஆற்றுப் பாலம், நடுவில் சாப்பாடு. பாலத்தில் விட்ட நேரம் முப்பது நிமிடம். செல்ஃபி எடுத்தோம், இளநீர் குடித்தோம், வேனில் ஏறினோம். அந்த ஊரில் எதைப் பார்க்கப் போனோமோ அது பாலத்தில் இல்லை என்பது இரண்டாவது தடவை ரயிலில் போனபோதுதான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அயுத்தயா என்ற பெயர் நம் அயோத்திதான். 1350 வாக்கில் தொடங்கி நானூறு வருடத்துக்கு மேல் சயாமின், அதாவது பழைய தாய்லாந்தின், தலைநகராக இருந்து, 1767இல் பர்மியப் படையிடம் விழுந்து எரிந்த ஊர். மூன்று ஆறுகள் சுற்றி வளைத்த தீவு. 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று போனால் செங்கல் மேடுகளும், கரிந்த கோபுரங்களும், வரிசையாகத் தலையில்லாத புத்தர் சிலைகளும். வாட் மகாதாத் கோயிலில் ஆலமர வகை ஒன்றின் வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலை இருக்கிறது. படம் எடுக்கும்போது நம் தலை அதைவிட உயரமாக இருக்கக்கூடாது, உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். காவலர் அதில் கண்டிப்பு. எதிரே இருக்கிற வாட் ராட்சபூரணவில் நிலவறைக்குள் இறங்கிப் பார்க்கலாம். 1957இல் திருடர்கள் தோண்டியபோதுதான் அதற்குள் இருந்த தங்கம் வெளியே தெரியவந்தது. கைப்பற்றியதையும் பிறகு எடுத்ததையும் பக்கத்திலிருக்கும் சாவ் சாம் ப்ரயா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை; மதிய வெயிலில் ஒதுங்க அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

சரி, அயுத்தயாவின் குறை? வெயில். நிழலே கிடையாது. ஏப்ரலில் போனால் பத்து மணிக்கே செங்கல் அனல் வீசும். இன்னொன்று, ஐந்தாவது கோயிலில் எல்லாம் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு உண்டு, பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டும் உண்டு. "சேர்த்து வாங்கிவிட்டோமே" என்று எல்லாவற்றுக்கும் ஓடாதீர்கள். மூன்று கோயில் போதும். காலையில் மகாதாத், அப்புறம் மூன்று பெரிய ஸ்தூபிகள் நிற்கும் ப்ர சி சன்பெட், கடைசியாக ஆற்றுக்கு மேற்குக் கரையில் வாட் சாய்வத்தனாராம். 1630இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோயில் சாயங்கால வெளிச்சத்துக்காகவே கட்டியது போல இருக்கும். தூரம் அதிகம் என்பதால் அதற்கு மட்டும் தவளை மூக்கு வைத்த உள்ளூர் டுக்டுக் பிடித்துக்கொள்ளலாம். பேரம் பேசிவிட்டு ஏறுங்கள். திரும்பும் வழியில் ரோட்டி சாய் மாய் வாங்காமல் வரக்கூடாது. நம்மூர்ப் பஞ்சுமிட்டாயை நூலாக இழுத்து மெல்லிய ரொட்டிக்குள் சுருட்டித் தருவார்கள்.

இப்போது காஞ்சனபுரி. இங்கே பார்க்க அழகு அதிகம் இல்லை. 1942இலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானிய ராணுவம் ஆட்களை வதைத்துப் போட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்ததில் 12,000க்கு மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு பேர் ஆசியத் தொழிலாளர்கள். இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர்கள். கூலியும் சோறும் உண்டு என்று சொல்லிச் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். காலராவும் பட்டினியும் முகாம் முகாமாகக் காலி செய்தது.

ரயிலில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போர்க் கல்லறைத் தோட்டம். வெட்டிய புல், ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கல்லறைகள், கல்லறைக் கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24, 23. படித்துக்கொண்டே போனால் தொண்டை அடைக்கும். அங்கே ஒரு தமிழ்ப் பெயரும் கிடையாது, கைதிகளுக்கான தோட்டம் அது. தோட்டத்தை ஒட்டியே தாய்லாந்து பர்மா ரயில்பாதை மையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுங்கள். பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம் கோயில். அங்கே 2023இல், இறந்த தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். என்னோடு வந்த அம்மா வழியில் வாங்கிய மல்லிகைச் சரத்தை அதன் மேல் வைத்துவிட்டு, "யாரு பெத்த புள்ளைங்களோ" என்றார். அப்புறம் மதியம் வரைக்கும் அவர் பேசவே இல்லை.

பாலத்துக்குப் போகாமலும் இருக்க வேண்டாம். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, நடுவில் நேராக இருப்பவை குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றியவை. 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் குவே ஆற்றைத் தேடி வந்தார்கள். பாலமோ மே குளோங் ஆற்றின் மேல் இருந்தது. 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயரை மாற்றி வைத்துவிட்டார்கள். அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில் என்பது இன்னொரு வேடிக்கை. பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, 1944இல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. இறந்தவர்களுக்காகப் பல மொழிகளில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள், அதில் தமிழும் ஒன்று. கொன்றவர்களே தமிழில் எழுதி வைத்த அஞ்சலியை வேறெங்கும் நான் படித்ததில்லை. வேன்காரர்கள் அங்கே நிறுத்துவதில்லை.

அந்த ரயில்பாதைக்காக வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் என்ற பாறைக் கணவாய் ஊரிலிருந்து இன்னும் 80 கிலோமீட்டர். எரவான் அருவியும் தூரம். இவற்றையும் ஒரே நாளில் சேர்த்துத் தருகிறேன் என்கிற பேக்கேஜை வாங்கினால், பாதி நாள் வேன் சீட்டிலேயே போய்விடும். ரயிலிலேயே கடைசி நிலையமான நாம் தோக் வரை போனால் மலையோரம் மரப்பாலத்தில் வண்டி ஊர்கிற அழகைப் பார்க்கலாம், போகும்போது இடப்பக்கம் உட்கார வேண்டும். ஆனால் அப்படிப் போனால் ஊருக்குள் இறங்க நேரம் இருக்காது. இரண்டில் ஒன்றுதான்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இரண்டு ஊரும் சிரமம்தான். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்குகிற 'ஜே' என்கிற சைவக் கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

எனக்கு ஒரே நாள்தான் என்றால் காஞ்சனபுரிதான். ஆனால் தாய்லாந்துக்கே முதல் தடவை வருகிறவர்களுக்கு, அதுவும் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு, அதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் அயுத்தயாவுக்கே போகட்டும், ரயிலும் படகும் சைக்கிளும் பிள்ளைகளுக்குப் போதும். செப்டம்பர், அக்டோபரில் போவதாக இருந்தால் மட்டும் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று ஓட்டலில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளக் காலத்தில் சாய்வத்தனாராமைச் சுற்றித் தடுப்புச்சுவரைத் தூக்கிவைத்துவிடுவார்கள். பெரியவர்களோடு காஞ்சனபுரி போகிறீர்கள் என்றால், முந்தின ராத்திரி தோன்புரிப் பக்கமே தங்கிவிடுங்கள். காலை ஏழரைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர டாக்சி கிடைப்பதும் கிடைக்காததும் அவரவர் அதிர்ஷ்டம்.