ரப்பர் இரை வார்க்க: பிளாஸ்டர் அச்சா, சிலிகான் அச்சா?

தூண்டிலுக்கான ரப்பர் புழு, மீன்குஞ்சுகளை வீட்டிலேயே வார்க்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது அச்சு விஷயத்தில்தான்.

செலவு: பிளாஸ்டர் மலிவு. சிலிகான் பல மடங்கு.

நீடித்து உழைப்பது: பிளாஸ்டர் ஓரம் சீக்கிரம் உதிரும். சிலிகான் வளைந்து கொடுப்பதால் மெல்லிய வால்கூடக் கிழியாமல் வரும்.

பக்குவம்: பிளாஸ்டரை நன்றாகக் காயவைத்து எபாக்சி பிசின் பூச வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால், சுமார் 175 டிகிரி செல்சியஸில் ஊற்றும் பிளாஸ்டிசால் (இரை வார்க்கும் திரவ பிளாஸ்டிக்) கொப்பளித்துத் தெறிக்கும். என் முதல் புழு அம்மைத் தழும்போடுதான் பிறந்தது! சிலிகானைத் துடைத்தாலே போதும். ஆனால் வார்ப்பு ஆற நேரமெடுக்கும்.

எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் கட்டாயம்.

நேரான புழு, சோதனை வடிவம் என்றால் பிளாஸ்டர் சரி. துடுப்பு வால் மீன்குஞ்சை அடிக்கடி வார்ப்பவர் யோசிக்காமல் சிலிகானுக்குப் போகலாம்.