தினமும் பத்து நிமிட வானொலி ஆங்கிலம்: டோக்கியோ அனுபவம்

ஜப்பானியர்கள் ஆங்கிலம் பேசிப் பழகுவதற்காக, அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வானொலியில் 2012-இல் தொடங்கிய நிகழ்ச்சி ‘எய்கைவா டைம் ட்ரையல்’ (எய்கைவா என்றால் ஆங்கில உரையாடல்). நடத்துபவர் ஸ்டீவ் சொரேசி. திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் பத்து நிமிடம். எனக்கு வேண்டியது ஜப்பானிய மொழி என்பதால் இதைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டேன். என் அலுவலகத் தோழி, டோக்கியோக்காரர், இதையே ஆங்கிலத்துக்காகக் கேட்கிறார். சில வருடங்களாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து பயிற்சி செய்கிறோம். பெரும்பாலும் அவரிடம் நான் பார்த்த மாற்றத்தைத்தான் எழுதுகிறேன்.

இந்த நிகழ்ச்சியின் உயிர் நடுவில் வரும் இடைவெளிதான். சொரேசி ஒரு சூழலைச் சொல்வார், அப்புறம் சில நொடி மௌனம். அதற்குள் நாம் வாய் திறந்து பதில் சொல்லிவிட வேண்டும். ‘தைவா கரோக்கே’ (உரையாடல் கரோக்கே) என்ற பகுதியில் அவர் தன் பங்கைப் பேசிக்கொண்டே போவார், நம் பங்கை நாம் நிரப்ப வேண்டும். பள்ளியில் வருடக்கணக்காக இலக்கணம் படித்த தோழிக்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முழு வாக்கியமும் மனதில் சரியாக அமையும்வரை பேசமாட்டார், அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். அந்தத் தயக்கத்தை இந்த மௌனம் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தது.

பாடம் முடிந்ததும் எங்கள் ஊர் விஷயங்களை வைத்து அதே விளையாட்டைத் தொடர்வோம். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் விற்கும் ஓனிகிரியை, அதாவது கடற்பாசித் தாளில் சுற்றிச் சாப்பிடும் சோற்று உருண்டையை, எடுத்துக்கொள்ளுங்கள். உறையில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். நடுவில் உள்ள பட்டையைக் கீழே இழுத்துச் சுற்றி எடுத்துவிட்டு, இரண்டு மூலைகளையும் பக்கவாட்டில் உருவினால், அதுவரை சோற்றில் படாமல் இருந்த கடற்பாசித் தாள் மொறுமொறுப்பாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதை ஒரு வெளிநாட்டவருக்கு விளக்கச் சொன்னால் முன்பெல்லாம் தோழி திணறுவார். இப்போது “புல் நம்பர் ஒன் ஃபர்ஸ்ட், ஆல் தி வே ரவுண்ட்” என்று கையோடு கையாகச் செய்துகாட்டிப் பேசுகிறார். டோக்கியோவில் எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்பது, ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பது, காசு போட்டால் பொம்மை தரும் கச்சாபோன் இயந்திரங்கள், தனக்குப் பிடித்த பாட்டுக் குழுவின் கச்சேரி என்று பேச்சு நீளும். தனக்குப் பிடித்ததைப் பேசும்போது அவருக்குத் தயக்கமே வருவதில்லை.

இது புது யோசனை ஒன்றுமில்லை. ஜப்பான் வானொலியில் ஆங்கிலப் பாடம் 1925-இலேயே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-இல் ஹிரகாவா தடாயிச்சி நடத்திய ‘கம் கம் இங்கிலிஷ்’ வீட்டுப் பேச்சையே பாடமாக்கி நாடு முழுக்கக் கேட்க வைத்தது.

இலக்கணத்தை அடியிலிருந்து கற்க வேண்டுமென்றால் இது போதாது, அதற்கு என்எச்கேயின் இன்னொரு வானொலிப் பாடமான ‘ராஜியோ எய்கைவா’ பொருத்தம். மாதாமாதம் வரும் பாடப்புத்தகத்தில் விளக்கமெல்லாம் ஜப்பானிய மொழியில்தான். எனக்கு அது வரம். தவறவிட்டதை அப்புறம் இணையத்தில் கேட்கலாம். புது வருடப் பாடம் ஏப்ரலில் தொடங்கும், ஆனால் காத்திருக்கத் தேவையில்லை, எந்த மாதமும் சேர்ந்துகொள்ளலாம். கூடப் பேச ஒரு ஆளை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.